விடுபட்ட ஆறு வாரம்

குன்னூர் பஜாரில் யூனிஸ் டீச்சரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. எங்கள் ஊர் மவுண்ட் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவர் பாடம் நடத்தினார். சாயங்காலம் என் வர்க்கி பிஸ்கட் கடைக்கு டீ குடிக்க வந்தால், "ஹாஜா பாய், இந்த கிளாஸை யாருங்க கழுவுனது?" என்று எனக்கும் ஒரு பாடம் நடக்கும். தினமும் வருகிறவர் ஆயிற்றே என்று பொறுத்துக்கொள்வேன். பொறுமை என் குணமல்ல.

இரண்டாயிரமாவது வருஷம். கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போன பச்சைத் தேயிலை ஆறு ரூபாய்க்கு வந்திருந்தது. தோட்டக்காரர் கையில் காசில்லை என்றால் பஜாரில் யார் கையிலும் இருக்காது. சென்டரில் பாதி நாற்காலி காலி. என் கடையில் வர்க்கி டின் சாயங்காலம் வரை நிறைந்தே இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் நஸீமாவுக்குக் கோயமுத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் முப்பதாயிரம் கட்ட வேண்டும்.

என்னிடம் இருந்ததெல்லாம் அத்தா என் பேரில் வாங்கி விட்டுப்போன இருநூறு பங்குகள்தான், ஒரு டீ கம்பெனியுடையவை. "நஸீமா படிப்புக்கு" என்று சொல்லித்தான் கண்ணை மூடினார். அவற்றை இப்போது விற்பதா, விலை ஏறும்வரை காத்திருப்பதா? டீச்சரிடம் கேட்டேன்.

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவர் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். தேதியையும் விலையையும் கொடுத்தால், புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துப் படம் காட்டும். கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த ஒரு வருஷத்துப் பழைய பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு விலையாக அடித்தார்.

படம் வந்தது. இருநூற்று முப்பத்தாறில் நின்ற கோடு, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சரிந்து சரிந்து நாற்பத்தேழில் வந்து நின்றது. நான் ஆச்சரியப்படவே இல்லை. மலையில் எல்லாமே இறங்கிக்கொண்டிருந்தபோது இது மட்டும் ஏறுமா? டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். "இன்னும் இறங்கும் போல இருக்குங்க பாய்" என்றார்.

மூழ்கின கப்பலில் கிடைத்தது லாபம் என்று, கோயமுத்தூரில் பங்கு வாங்கும் மயில்சாமிக்குப் போன் செய்தேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் வரும். அதை வைத்து நர்சிங் நடக்காது. நஸீமாவிடம் டைப்ரைட்டிங் போகச் சொன்னேன். சரி அத்தா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை மயில்சாமி வந்தார். தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் பையில் வைத்து ஜிப்பை இழுத்தபோது, மழையில் தொப்பலாக நனைந்து டீச்சர் கடைக்குள் ஓடி வந்தார்.

"பாய், விக்காதீங்க! படம் தப்புங்க!"

கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு புதுப் படத்தை விரித்தார். அதில் சரிவே இல்லை. ஒரு திங்கட்கிழமை வரை கோடு மேலே இருந்தது. செவ்வாய்க்கிழமை செங்குத்தாகக் கீழே விழுந்தது.

"நீங்க குடுத்த பேப்பருல ஆறு வாரம் இல்லைங்க. சீசன் வாரம்."

எனக்கு உறைத்தது. மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டத்துக்கு வர்க்கி கட்டிக் கட்டியே அந்த ஆறு வாரப் பேப்பரும் தீர்ந்துவிட்டது. புரோகிராமுக்கு என்ன தெரியும்? விட்டுப்போன நாட்களின் இந்தக் கரைப் புள்ளிக்கும் அந்தக் கரைப் புள்ளிக்கும் நேராகக் கோடு இழுத்துவிட்டது.

"நூலகத்துல போய் விட்டுப்போன நாளெல்லாம் பாத்தேனுங்க. விலை விழுகலை. அன்னிக்கு ஒவ்வொரு பங்கையும் அஞ்சாப் பிரிச்சிருக்காங்க, விலையும் அஞ்சுல ஒண்ணு ஆயிருக்குது. அறிவிப்பே வந்திருக்குது. உங்களுக்கு இருநூறு இல்லைங்க, ஆயிரம் பங்கு!"

சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? நீங்கெல்லாம் ஒரு டீச்சரா?" என்று பஜாரே கேட்கும்படி கத்தினேன்.

அவர் என்னைத் திருப்பித் திட்டவில்லை. மயில்சாமியிடம் திரும்பினார். "ஏனுங்க, தப்பு என்னுதுங்க. நான் வரைஞ்சதை நம்பித்தான் இவரு கையெழுத்துப் போட்டாரு. என் தப்புக்கு அந்தப் புள்ள படிப்பு போகக் கூடாதுங்க."

பங்கு பிரிந்த விஷயம் மயில்சாமிக்கு முன்பே தெரியுமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஜிப்பைத் திறந்து தாள்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று கிளம்பினார்.

பங்கைப் பிரித்ததும் கம்பெனி அனுப்பிய புதுப் பத்திரங்கள் கூடலூரில் அத்தாவின் பழைய விலாசத்தில், வாங்க ஆளில்லாமல் தபாலாபீசில் கிடந்தன. அவற்றை எடுத்து, விற்று, பணம் கட்டி முடிக்க மாதக் கடைசியாகிவிட்டது. அதுவரை டீச்சர் டீ குடிக்க வரவில்லை. கத்திய வெட்கத்தில் நானும் மாடிப்படி ஏறவில்லை.

பணம் கட்டிய மறுநாள் ஏறினேன். வகுப்புச் சுவரில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். தப்பான படத்தின் கீழே, "விடுபட்ட நாட்களைக் கேட்காமல் வரைந்தவர்: யூனிஸ்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஏற்கெனவே பிள்ளைகள் குறைவு, இதைப் பார்த்து இருக்கிறவர்களும் போய்விடுவார்கள் என்று சென்டர் முதலாளி எடுக்கச் சொன்னாராம். இவர் எடுக்கவில்லை.

"டீச்சர், அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "நஸீமாவுக்குப் பணம் கட்டியாச்சுங்களா?"

"நேத்துக் கட்டிட்டேன். திங்கக்கிழமை சேர்றா."

டீச்சர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "மாசம் பூரா சாப்பாடே எறங்கலைங்க பாய். எங்க அந்தப் புள்ள வாழ்க்கையைக் கெடுத்துட்டனோன்னு..."

நான் பயந்ததைவிட என் மகளுக்காக அவர் அதிகம் பயந்திருக்கிறார். நான் கத்திவிட்டு ராத்திரி நன்றாகத் தூங்கியவன். அன்றிலிருந்து, ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின் நஸீமாவுக்காகக் கேட்கும் துஆவில் யூனிஸ் டீச்சருக்கும் சேர்த்தே கேட்கிறேன்.