பாட்டில் இல்லாதவளுக்கு மருந்து

எனக்கு அறுபத்தாறு வயது நடக்கிறது. ஐந்து பெற்றேன், ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். எங்கள் தெருவில் அப்படிச் சொல்ல வாய்த்தவர்கள் குறைவு. அதனால் நிமிர்ந்தே சொல்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாக வாசியுங்கள்.

இங்கே பினாங்கில் மகள் கோமதி வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இருமலுக்கு ஆஸ்பத்திரி போனபோது, பழக்கத்தில் ஒரு பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனேன். சீன மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அதில் என் பெயரை ஒட்டித் திருப்பித் தந்து கக்கூஸைக் காட்டினாள். மருந்துக்குத்தான் என்று நான் தலையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். கோமதிதான் சிரித்தபடி வந்தாள். "எம்மா, ஒண்ணுக்குப் பிடிச்சுக் கொண்டாரச் சொல்லுதா." மருந்தை அவர்களே பாட்டிலோடு கொடுக்கிறார்களாம்.

தென்காசி தர்ம ஆஸ்பத்திரியில் அப்போது மருந்து இலவசம், பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். இல்லாதவர்கள் வாசல் கடையில் வாங்க வேண்டும். கோமதிக்கு நாலு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். பிள்ளை வற்றிப்போய்விட்டாள். கையில் காசில்லாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"சிரட்டையில எத்தன வேளைன்னு எங்கன கோடு போட்ட காகிதம் ஒட்டுவேன்? பாட்டிலக் கொண்டாட்டி" என்றார் கம்பவுண்டர். பக்கத்திலும் இரண்டு பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

பக்கத்து வீட்டு வடிவு, சீசனில் குற்றாலத்துப் பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவள். "எக்கா, துரைமாரு குடிச்சுப் போட்ட புட்டி பின்னால மலையாக் கெடக்கு" என்றாள். அன்றைக்கே, வெறுங்கையோடு நின்ற இருவரையும் சேர்த்து நாலு பெண்கள் சாரலில் நனைந்துகொண்டு போய் ஓலைக் கடவத்தில் சுமந்து வந்தோம். நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு வேகவைத்தோம். மேலத்தெரு ஆச்சி, பெரிய பண்ணை வீட்டம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"பிராந்திப் புட்டியிலயாட்டி பிள்ளைக்கு மருந்து?"

"உங்க மச்சுல இருக்க பன்னீர்ப் புட்டியக் குடுங்க ஆச்சி, அதுல வாங்கிக்கிடுதோம்."

மூக்கைப் பொத்தியபடியே திரும்பிப் போய்விட்டார்.

விடிந்ததும் கோமதியை இடுப்பிலும் கடவத்தைத் தலையிலும் வைத்துப் போனோம். பாட்டில் இல்லாமல் வருகிற யாருக்கானாலும் இதிலிருந்து எடுத்து ஊற்றிக் கொடுங்கள் என்றோம். கம்பவுண்டர் ஒன்றை மோந்து பார்த்து, "சாராய வாடை" என்று தள்ளிவைத்தார். வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைக்கு மடியிலேயே உதறல் கண்டது. உள்ளே போக வழியில்லாமல் நின்ற டாக்டரிடம், "ஐயா, நீங்களே மோந்து பாருங்க. வாடை இருந்தா நாங்க எந்திச்சிப் போயிருதோம்" என்றேன். அவர் ஒவ்வொன்றாக மோந்தார். கம்பவுண்டரிடம், "உம்ம சட்டையில அடிக்கிற மூக்குப்பொடி வாடைகூட இதுல இல்ல, வே. ஊத்திக் குடும்" என்றார்.

கொயினாத் தண்ணீர், அந்தக் குளிர்காய்ச்சல் மருந்து, உள்ளே போனது. அடுத்த முறை குளிர் வர வேண்டிய நாளில் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது, குளிர் வரவில்லை. "பழையது தா" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இதற்கிடையில் மேலத்தெரு ஆச்சி ஒரு கூடை நிறையப் பன்னீர்ப் பாட்டில்களை ஆஸ்பத்திரிக்கே அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் சீசன் தோறும் கடவம் போனது. ஆஸ்பத்திரியை நடத்துகிற ஜில்லா போர்டு மெம்பர் வீட்டுக்கும் நாங்கள் கூட்டமாய் நடந்தோம், ஒருமுறை அல்ல. கடைசியில், பாட்டில் இல்லை என்று யாரையும் திருப்பக் கூடாதென்று உத்தரவு வந்தது. வாசல் கடைக்காரர் முறுக்கு விற்கப் போனார்.

அந்தக் கோமதியைக் கட்டிக்கொடுத்து, அவள் பின்னாலேயே நானும் கப்பலேறினேன். அவள் மகள் செல்வி இந்த ஊரில் பிறந்தவள். இங்கே மழை அடித்துக் கொட்டும். சாரல் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மலாய்க்காரி, சீனத்தியோடெல்லாம் சரளமாகப் பேசுகிறாள். என் பேச்சைக் கேட்டால்தான் சிரிப்பு.

ஏட்டி செல்வி, இங்கன வா. எழுதினத முழுசா ஒருக்க வாசி. நாங்க வாசல்ல உக்காந்த எடத்த மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசிக்காத. தென்காசிக்காரி மாதிரிச் சத்தமா வாசி.