இது யாரு நாயனம்?

நையாண்டி மேளத்தில் இரண்டாவது நாயனம் ஊதுகிறவன் பக்கத்து ஊருக்கே கேட்கும்படி ஊதுவான்; ஆனால் ஊதியது அவன்தான் என்று பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. லாரியில் கிளீனராகப் போனவர்கள், சமையல் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று புகை குடித்தவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முன் நாயனம் எங்கள் அண்ணன் கருப்பையா. கூட ஊதியவன் நான், மாயாண்டி. கோயில் கொடை, காதுகுத்து, கரகாட்டம் என்று உசிலம்பட்டி வட்டாரத்தில் நாங்கள் போகாத ஊர் இல்லை. நோட்டீசில் ‘கருப்பையா குழுவினர்’ என்று போடுவார்கள். அந்தக் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் நான் இருந்தேன். என் பெயரை அச்சில் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

டீக்கடைப் பரீட்சை

முன்பல் விழுந்ததும் நாயனத்தை வைத்துவிட்டேன். உதடு மட்டும் இருந்தால் ஊத முடியாது. உதட்டுக்கு முட்டுக்கொடுக்கப் பல் வேண்டும். இப்போது காலையில் எழுமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைதான் எனக்கு வேலை. அங்கே நாலைந்து மேளப் பைத்தியங்கள் சேருவோம். மைக்செட் பாண்டி தான் செட்டுக் கட்டிய திருவிழாவையெல்லாம் அந்தக் காலத்திலேயே கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அதையெல்லாம் இப்போது போனில் ஏற்றிவிட்டார். எந்த ஊர், எந்த வருசம் என்று சொல்லாமல் சின்ன ஸ்பீக்கரில் போடுவார். யார் நாயனம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

இதில் பெரிய கை ரிட்டயர்டு கண்டக்டர் செல்வம். கண்ணை மூடிக்கொள்வார். “வாயில வச்சு ஊதுற சீவாளி பழசு. ஆளு குட்டை. அணைப்பட்டிக்காரரா இருக்கணும்” என்பார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். குட்டை என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மட்டும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் மேளம் வந்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும். நல்ல இடம் எது வந்தாலும் “கருப்பையா! கருப்பையா!” என்று பெஞ்சைத் தட்டுவார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் “இது நான் ஊதுனது” என்றேன். அடுத்ததற்கும் சொன்னேன். மூன்றாவதற்கும் சொன்னேன். செல்வம் என் தோளில் கை போட்டார்.

“மாப்ள, எல்லாத்தையும் நீயே ஊதுனேன்னா, ஒங்க அண்ணன் அங்க எதுக்கு வந்தாரு? பந்தியில சாப்பிடவா?”

காது எங்கே போகிறது

இவர்களுடைய காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை மேளம் தொடங்குவதற்கு முன்பே செல்வம் “இது கல்லுப்பட்டிப் பக்கம், ஊதுறது சின்னச்சாமி” என்றுவிட்டார். நாயனக்காரர் இன்னும் மூச்சே எடுக்கவில்லை. எல்லோரும் அசந்துபோனோம். சின்னச்சாமியேதான்.

நான் விடவில்லை. மறுபடியும் போடச் சொல்லி, மேளம் தொடங்குவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கவனித்துக் கேட்டேன். பின்னால் ஒரு ஜெனரேட்டர் கடகடவென்று விக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த விக்கல் ஜெனரேட்டர் கல்லுப்பட்டிப் பக்கம் ஒருத்தரிடம்தான் இருந்தது. அங்கே அப்போது மேளத்துக்கு வருகிறவர் சின்னச்சாமி. கணக்கு அவ்வளவுதான். எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. நாயனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடிவு செய்கிறவர்கள் என்னைக் கண்டுபிடிக்காததில் என்ன ஆச்சரியம்? பாண்டிக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது.

“அண்ணே, நாயனத்தக் கேட்டுச் சொல்லுங்க. ஜெனரேட்டரக் கேட்டுச் சொல்றதுக்கு மெக்கானிக்க வச்சுக்கிறேன்.”

ஒரு துண்டு

அண்ணனோடு பேச்சு நின்றது ஒரு சாமியாட்டத்தில். எழுமலைக்கு மேற்கே ஒரு ஊர். சாமியாடி பெரியவருக்கு அருள் இறங்கவில்லை. ஊரே கும்பிட்டு நிற்கிறது. அண்ணன் ஒவ்வொரு மெட்டாக மாற்றிப் பார்க்கிறார். பெரியவர் கல் மாதிரி நிற்கிறார். யாரும் சொல்லாமலே நான் ஒரு தாலாட்டு மெட்டை எடுத்தேன். என் வாய்க்கு ஏன் அது வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பெரியவரின் கால் கட்டைவிரல் முதலில் ஆடியது. அப்புறம் ஆளையே பிடிக்க முடியவில்லை.

முடிந்ததும் ஊர்ப் பெரியதனக்காரர் பட்டுத்துண்டு எடுத்து வந்து அண்ணன் தோளில் போர்த்தினார். அண்ணன் குனிந்து வாங்கிக்கொண்டார். ‘இது தம்பி ஊதியது’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேனில் ஏறும்போது சண்டை வந்தது. “என்னைக்காவது நீ எனக்கு வழி விட்டிருக்கியா?” என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தேன். ‘இது என் தம்பி ஊதியது’ என்று அவர் வாயால் சொல்லட்டும், அப்புறம்தான் பேச்சு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவர் கப்பலூரில் மகனோடு போய் இருந்துகொண்டார். மகனுக்கு அங்கே கம்பெனி வேலை. ஒரு நல்லது கெட்டதில்கூட நாங்கள் முகம் பார்த்துக்கொண்டதில்லை. துண்டு விஷயத்தை அந்தப் பெரியதனக்காரரிடமே நேரில் கேட்டேன்.

“ரெண்டு துண்டாப்பா வாங்குறது? அண்ணன் தம்பி ஒரு வீடுதான, மாத்தி மாத்திப் போட்டுக்கங்க.”

யார் மேலே, யார் கீழே

போன மாதம் பாண்டி, பரணில் கிடந்ததென்று ஒரு பதிவைப் போட்டார். ரெண்டு நாயனம். ஒன்று கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று மேலே ஏறி, திரும்பி, மறுபடி ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. தவில்காரர் முடிப்பதற்கு இடம் பார்க்கிறார், கிடைக்கவில்லை. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

“மேல போறது கருப்பையா” என்றார் செல்வம்.

“அவரேதான்” என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. “நல்லாக் கேளுங்க. கூட ஊதுறவனுக்குக் கொஞ்சமாச்சும் வழி விடுறாரா? எம்புட்டு ஆசை பாருங்க அந்த மூச்சுல. கீழ ஒருத்தன் தம் கட்டி நிக்கிறானே, அந்தப் பாவப்பட்டவன்தான் நானு. இதத்தான நான் இத்தனை வருசமாச் சொல்றேன்!” எனக்குச் சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி போடச் சொல்லி, அண்ணன் எங்கெங்கே என்னை அமுக்கினார் என்று விரல் நீட்டிக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாண்டிக்கு விளையாட்டுப் புத்தி. செல்வத்தின் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார். நான் இருப்பதைச் சொல்லாமல், “ஒரு பதிவு போடுறேன், யாருன்னு சொல்லுங்கண்ணே” என்று, போனை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக்கி ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். முழுவதும் ஓடியது. முடிந்ததும் பாண்டி போனை எடுத்தபோது அண்ணன் பேசினார். குரலுக்கு வயதாகிவிட்டது.

“இதுல என்னப்பா கேக்குறதுக்கு இருக்கு? மேல போறது எந்தம்பி. கீழ பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நானு. இப்ப எறங்குவான், இப்ப எறங்குவான்னு பாத்தேன், எறங்கவே இல்ல. நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

லைனில் யார்

செல்வம் காலி கிளாசை எடுத்து உறிஞ்சினார். நான் மறுபடியும் போடச் சொன்னேன். ஊதுகிறவனுக்குத் தன் நாயனம் மண்டைக்குள்ளேதான் கேட்கும். பல் வழியாக எலும்பில் இறங்கும். வெளியே அது எப்படிப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. நான் வெளியே நின்று என்னைக் கேட்டதே இல்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்று அத்தனையும் கேட்டிருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு வேனில் வைத்து இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

பாண்டி போனை என் கையில் திணித்தார். அண்ணன் லைனில்தான் இருந்தார். நான் கேட்டபடியே அவர் வாயால் சொல்லிவிட்டார். இனிமேல் பேசாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை. காதில் வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், ஊதப்போகிறவன் மாதிரி ஒரு மூச்சு எடுத்தேன். அப்புறம் அண்ணன் கேட்டார்.

“மாயாண்டியா? இழுத்த மூச்ச விடுடா, பேசு.”

என் நாயனத்தை அடையாளம் தெரியாத பாவிகள் என்று நான் இத்தனை வருசமாகத் திட்டிய பட்டியலில் இப்போது முதல் பெயர் என்னுடையதாகிவிட்டதால், அண்ணனோடு கப்பலூரில் உட்கார்ந்து டீ குடிக்கிற நாட்களில் கோபப்படுவதற்குத் தோதான வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.