பேட்டரி தீர்ந்த பாட்டு

காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது என்றால் எனக்கு இன்றைக்கும் பயம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் பிரியமாக ஒரு முனையை நீட்டி “கேக்கிறீங்களா?” என்றால்கூட, தலைவலி என்று பொய் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். எல்லாம் மாமு குவைத்திலிருந்து கொண்டுவந்த பாட்டுப் பொட்டியால் வந்த வினை.

மாமு என்றால் அம்மாவின் தம்பி. அந்தத் தடவை லீவில் வந்தபோது எல்லோருக்கும் சோப்பும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு எம்பித்ரி பிளேயரைக் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கறுப்புக் கயிறு, பட்டனை அமுக்கினால் நீல வெளிச்சம், வயிற்றுக்குள் ஒரே ஒரு பேனா பேட்டரி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாட்டு ஏற்றித் தருவார்கள். பாதி சினிமாப் பாட்டும், அத்தா, அதாவது என் அப்பா, கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று பாதி அல்லாவைப் பற்றிய மார்க்கப் பாட்டுமாக மாமு ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளையிடமும் அது இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்குத் தலைக்கனம் ஏற இதைவிட என்ன வேண்டும்? பேட்டரி தீர்ந்துவிட்டால் பல்லால் நறுக்கென்று கடித்து, மாடியில் வெயிலில் போட்டு எடுத்தால் இன்னும் நாலைந்து பாட்டுப் பாடும். அந்த வித்தையெல்லாம் எனக்கு ஒரே வாரத்தில் அத்துபடி.

அத்தா செருப்புக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீடு என்றால் இரண்டே அறை, நடுவில் கதவு கிடையாது, பூப்போட்ட திரைத்துணிதான். அதில் ஒரு ரகசியத்தையும் பேச முடியாது. போதாக்குறைக்கு நான் ஓட்டைவாய். காதில் விழுந்ததை அன்று மாலையே தெரு முழுக்க விநியோகம் செய்துவிடுவேன். அம்மாதான் பாட்டுப் பொட்டிக்கு ஒரு புது உபயோகம் கண்டுபிடித்தாள். யாராவது வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினால் போதும், “பாட்டு கேளும்மா” என்று அவளே இரண்டு முனைகளையும் என் காதில் செருகி, பட்டனை அமுக்கிவிட்டு, திரைத்துணிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

முதலில் எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். ஒரு நாள் பாட்டுக் கேட்டு முடித்துக் காதிலிருந்து எடுத்தால் அம்மா சுவரில் தலையை முட்டி அழுதுகொண்டிருக்கிறாள். சாவுச் செய்தி வந்திருந்தது, அம்மாவின் அத்தா மௌத்தாகிவிட்டார். இன்னொரு நாள் பாட்டு முடிந்தபோது அத்தா மொட்டுமொட்டென்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி அப்புறம் தப்பித்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் வீட்டில் ஏதோ ஒன்று போகும் என்று எனக்குப் பட்டுவிட்டது. அம்மா அந்தக் கறுப்புக் கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கிறாள் என்றாலே நான் மூலையில் போய் ஒளிந்துகொள்ளப் பார்ப்பேன். இதைப் போய் யாரிடம் சொல்ல? பாட்டுக்குப் பயந்தவள் என்று தெருப் பிள்ளைகள் சிரிக்காதா?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாச்சா வந்தார். அத்தாவின் தம்பி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சாச்சாவுக்கும் சாச்சிக்கும் பிள்ளை இல்லை. லீவு முடியாததால் மாமுவும் வந்திருந்தார். அம்மா ஆணிக்குக் கையை நீட்டினாள். “வேணாம்மா, காது வலிக்குது” என்றேன். “சும்மா கேளு” என்று செருகிவிட்டுப் போனாள். போகும்போது என் தலையைத் தடவினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் பேட்டரி செத்துப்போனது. பாடிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். காதில் மாட்டியது மாட்டியபடியே இருந்தேன். திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்கள் தெளிவாக வந்தன.

“சின்னவன எங்க வூட்டுல வச்சிக்கிறோம். பொண்ண இன்னா பண்றது?” என்றார் மாமு. சின்னவன் என்பது என் தம்பி, அப்போது கைப்பிள்ளை.

“அவள நா கூட்டிக்கினு போறேன் அண்ணி. எங்க புள்ளயாவே இருந்துட்டுப் போவட்டும்.” இது சாச்சா.

“கேட்டா இன்னான்னு சொல்றது?” என்றது அம்மாவின் குரல்.

“ரெண்டு நாளுன்னு சொல்லுங்க. போவப் போவப் பழகிக்கும்” என்றார் சாச்சா.

அப்புறம் அம்மா சொன்னாள்: “அழுவா. பாட்டுப் பொட்டிய குடுத்தே அனுப்பிடறேன்.”

என்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் பிள்ளை கொடுப்பது உண்டு. அத்தாவின் அக்கா மகன் ஒருவனை அப்படித்தான் பிள்ளையில்லாத தங்கைக்குக் கொடுத்திருந்தார்கள். பெற்றவளை அவன் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் வாய்தவறி “அம்மா” என்று அவன் கூப்பிட்டபோது இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பினார்கள். பந்தலே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல் ஓடிப்போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். திரைத்துணி ஆடியது. அம்மா எட்டிப் பார்த்தாள். பேட்டரி செத்தது தெரியக் கூடாது என்று பாட்டுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த இரண்டு நாளும் அம்மா என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். கேட்காமலே வளையல் வாங்கித் தந்தாள், எல்லோருக்கும் முன்னால் எனக்கு இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி வைத்தாள். பலிக்கு நிற்கிற ஆட்டுக்கும் இப்படித்தானே புல் போடுவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆம்பளைப் பிள்ளையை மட்டும் ‘வச்சிக்கிறோம்’ என்றார்களே, அதனால்தான் என்னைத் தள்ளிவிடுகிறார்கள் என்று தம்பியை நறுக்கென்று கிள்ளினேன். அவன் வீல் என்று கத்தினான். அம்மா அதற்குக்கூடத் திட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அம்மா புதுப் பேட்டரி போட்டு, என் காதில் அவளே மாட்டிவிட்டாள். சாச்சா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் பின்னால் போய், பஸ் மலை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் ஜன்னலுக்கு நேர் கீழே தெரிந்தது. அந்தப் பள்ளத்தைக் கண்டு நான் பயப்படவில்லை. திரும்பி வரும் வழியை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், எல்லா வளைவும் ஒரே மாதிரி இருந்ததுதான் பயமாக இருந்தது.

சாச்சி தங்கமானவள். வேறு சமயமாக இருந்தால் நான் அவளிடம் ஒட்டிக்கொண்டிருப்பேன். அவள் தலை வாரிவிட்டு, பலாச்சுளை உரித்துக் கொடுத்து, “இதுவும் ஒன் வூடுதான் கண்ணு” என்றபோது நான் என் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பையைப் பிரிக்கவே விடவில்லை. உடுப்பு வேண்டுமென்றால் கையை விட்டு ஒன்றை மட்டும் உருவிக்கொள்வேன். மலைமேல் அப்போது செல்போன் எடுக்காது. சாச்சா சில நாள் பஸ் பிடித்துக் கீழே போய்ப் பேசிவிட்டு வருவார். வந்ததும் சாச்சியிடம் கிசுகிசுப்பார், சாச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். இரண்டு நாள் எப்போதோ கடந்துவிட்டது. ரெண்டு நாளுன்னு சொன்னாங்களே என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களே!

பேட்டரியும் தீர்ந்தது. கடித்துப் பார்த்தேன். மலை மூட்டத்தில் காயவைக்க வெயிலும் இல்லை. சாச்சா கடையில் டார்ச் லைட்டுக்குப் போடும் தடி பேட்டரிதான் இருந்தது. மரவள்ளித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பழகினேன். பெரியம்மா, பெரியம்மா. அந்தப் பையனைப்போலக் கூட்டத்தில் வாய்தவறிச் சிரிப்பாய்ச் சிரிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். சொல்லும்போதெல்லாம் அழுகை வந்தது. அழுகை வராமல் சொல்லும்வரை சொன்னேன்.

ஒரு நாள் அத்தா வந்தார். தாடியை ஒதுக்காமல், சட்டை தொளதொளவென்று, யாரோ மாதிரி இருந்தார். “கிளம்பு, வூட்டுக்குப் போலாம்” என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பையனும் பெருநாளைக்கு வந்துவிட்டுப் போவான்.

கடைக்குள் நுழைந்து திரைத்துணியை விலக்கினேன். அம்மா பாயில் படுத்திருந்தாள். பாதி உடம்புதான் இருந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்தபடி இன்னொரு கையை நீட்டி, “வா கண்ணு” என்றாள். ஓடிப்போய் விழவேண்டும்போல இருந்தது. வாசற்படியிலேயே நின்று, பழகியதைப் பிசிறில்லாமல் சொன்னேன்.

“நல்லா இருக்கீங்களா பெரியம்மா?”

“இன்னாடி சொல்ற?” என்றார் அத்தா. அம்மா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்தாள். என் கழுத்தில் தொங்கிய பாட்டுப் பொட்டியின் முனைகளை இரண்டு காதிலும் செருகி, பட்டனை அமுக்கினாள். நீல வெளிச்சம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியிருந்ததால் அவளுக்கு அது தெரியவில்லை. அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

“புள்ள பழகிக்கிச்சிங்க. நா இல்லாம இருக்கப் பழகிக்கிச்சி. இனிமே நா போயிட்டாலும் எனக்கு பயம் இல்லங்க.”

“வாய மூடு நீ” என்றார் அத்தா. அவர் குரலும் உடைந்திருந்தது.

அம்மாவின் வயிற்றில் கட்டி இருந்ததையும், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உறுதி சொல்ல மாட்டோம் என்றுதான் கத்தி வைத்தார்கள் என்பதையும், தான் திரும்பி வராவிட்டால் எனக்கு ஒரு அம்மா வேண்டுமே என்றுதான் அந்த வெள்ளிக்கிழமை பேசினார்கள் என்பதையும் பல வருஷம் கழித்து அம்மாவே வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். என்னைக் கொடுத்தது போதாது என்று இப்போது அம்மாவையும் யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள். நான் கேட்டுவிட்டது தெரிந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அவள் மடியைப் பிடித்தபடி, பாடாத பாட்டுக்கு விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.