சாட்சிக் கையெழுத்து

என் லாத்தா, அதாவது அக்கா, இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக கவுன்சிலர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மச்சான் இறந்து இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. சென்ற மார்ச்சில் மூன்று வாரம் அமெரிக்காவில், எடிசனில் எங்கள் வீட்டில் இருந்தார்.

உடன்பிறந்தவர் என்ற முறையில் அவருக்கு கிரீன் கார்டு கேட்டு நான் விண்ணப்பித்தபோது என் மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எங்கள் முறை வந்தது. கடிதம் வந்த வாரமே கீழ் அறையைக் காலி செய்து, குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன். பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். லாத்தாவிடம் மட்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அவர் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து மக்களின் குறைகளைக் கேட்பது வழக்கம். இங்கே வந்தும் அதை விடவில்லை, போனில் கேட்டார். அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு விடிகாலை, ஃபஜ்ர் தொழுகையை ஒட்டிய நேரம். முதல் சனிக்கிழமை ஏழு அழைப்புகள் என்று என் டைரியில் இருக்கிறது. ஈரம் ஊறும் சுவர் மூன்று, குப்பை எடுக்காதது இரண்டு, நிறுத்தப்பட்ட பேருந்து ஒன்று. கடைசியாகப் பேசிய முதியவருக்குக் குறை எதுவும் இல்லை. அவருடன்தான் அதிக நேரம், இருபத்தாறு நிமிடம்.

தூக்கம் கலைந்து வந்த மகள், "மாமி, யூ ஆர் ஆன் வெகேஷன்" என்றாள்.

"நான் வெகேஷன்தாம்மா. அவங்க வீட்டுச் சுவரு வெகேஷன் போகலயே."

அன்றே எங்கள் பகுதியின் கவுன்சிலர் யார் என்று என்னிடம் கேட்டார். மறுசுழற்சி வண்டி வரும் கிழமைகள் எனக்குத் தெரியும். கவுன்சிலர் பெயர் தெரியவில்லை. லாத்தா தேநீரைக் குடித்து முடித்தார்.

இரண்டாவது ஞாயிறு காலைப் பசியாறிய பின் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். அடுத்த தேர்தலில் நிற்கச் சம்மதம் என்று வேட்பாளர் தரும் படிவம். சாட்சியாக ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

"தம்பி, நீயே போட்டுரு."

கிரீன் கார்டு என்ன ஆவது என்று கேட்டேன். அந்த வீட்டில் தனியாக எத்தனை நாள் என்றும் கேட்டேன்.

"தோத்துட்டா இங்கயே வந்துர்றேன்" என்றார். "போன தடவை முப்பத்தொரு ஓட்டுலதான் ஜெயிச்சேன். துஆ பண்ணிக்க. எதுக்குன்னு நீயே முடிவு பண்ணு."

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் விவரங்களையும் என்னையே நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். முப்பது வருட அமெரிக்கப் பழக்கம், பிறந்த தேதியில் மாதத்தை முன்னால் எழுதிவிட்டேன். ஏப்ரல் பதினொன்றில் பிறந்தவர் அந்தத் தாளில் நவம்பர் நான்காம் தேதிக்குப் போய்விட்டார்.

லாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வேணும்னே பண்ணுனியா?"

இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அவர் கொண்டுவந்தது அந்த ஒரு தாள்தான். அசல் தாள் வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய கட்சிக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். சில நொடிகள் அதை யோசித்தேன்.

மாடிக்குப் போய் புதிய படிவம் ஒன்றை அச்சிட்டு வந்தேன். நாள், மாதம், வருடம் என்று சரியான வரிசையில் எழுதினேன். லாத்தா கையெழுத்திட்டார், அதன் கீழே நான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கூரியரில் சேர்த்தேன்.

மே மாதம் அவர் ஒன்பது ஓட்டில் வென்றார். கிரீன் கார்டு கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதற்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது.