பெரட்டு விளையாட்டு

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிள்ளைகளின் மாலை விளையாட்டு பெரட்டுதான். விடியலில் கங்காணி பெரியவர்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டைப்போல், எங்களில் மூத்தவன் கங்காணியாகி ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கூட்டாளி ஒருத்தி காய்ச்சலில் செத்துப்போனாள். சில நாள் கழித்து மறுபடி ஆடினோம். எல்லாரும் ஓடிய பிறகும் அவள் தங்கை மட்டும் நகரவில்லை.

"எங்க அக்காவக் கூப்புடலயே."

"செத்தவள எப்புடிடி கூப்புடுறது?" என்றான் கங்காணி.

"கூப்புடாம எப்புடிண்ணே வருவா?"

அவள் அழப்போவதைப் பார்த்து அவன் மெல்லக் கூப்பிட்டான். நாங்கள் தேயிலைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குக் கேக்காது. சத்தமாக் கூப்புடுண்ணே."

அவன் உரக்கக் கூப்பிட்டான்.

லயத்தில் ஒரு கதவு திறந்தது. அந்த அக்கா தங்கையின் அம்மா, ரொட்டி தட்டிய மாவுக் கையோடு ஓடி வந்தார். எங்களை அவர் பார்க்கவேயில்லை. மகளைப் புதைத்த மேட்டிலிருந்து இறங்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கையும் போய் அவர் பக்கத்தில் நின்றாள். இருட்டும்வரை இருவரும் உள்ளே போகவில்லை.