டாக்டர் சுத்தம் செய்த டிஸ்க்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே கால். கொடைக்கானலில் சாரல், எதிர்க்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத மூடுபனி. கம்ப்யூட்டர் கடைக்காரர் என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "மூச்சு வாங்குது சார்" என்றார்.

ஊரில் அவருக்கு டாக்டர் என்று பெயர். கழுத்தில் மஃப்ளர், சுவரில், வத்தலக்குண்டில் மூன்று மாதம் படித்ததற்கான சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள். எதைக் கொண்டுபோனாலும் அவர் கண்டுபிடிக்கும் நோய் ஒன்றுதான்: வைரஸ். பிளக் சரியாகச் செருகாத கம்ப்யூட்டருக்கும் வைரஸ் என்று சொல்லிப் பணம் வாங்கிய மனிதர். பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு கேபிள். பழையது தளர்ந்துவிட்டது. கேபிளைக் கொடுத்தவர் அதோடு விட்டிருக்கலாம்.

அந்த டிஸ்க்கில் என் பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அம்மாளின் அக்கா அதில் இருந்தார். அந்த அம்மாளுடையது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். அக்கா அங்கேயே தங்கிவிட்டார். பார்த்து இருபத்தெட்டு வருடம். யாரோ ஒருவர் அங்கே போனபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் அக்காவை நிறுத்திப் படம் பிடித்து, வீடியோ சிடியாகக் கொண்டுவந்தார். ஒரே மழைக்காலத்தில் அந்த சிடியில் பூஞ்சை ஏறியது. அது முழுதாகக் கெடுவதற்குள் நான் டிஸ்க்கில் ஏற்றிவைத்தேன். செத்த சிடியை அந்த அம்மாள் குருவி விரட்ட பீன்ஸ் பந்தலில் கட்டிவிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் கேரட் தோட்டத்து மண்ணைக் கழுவிவிட்டு என் வீட்டுக்கு வருவார். திரையில் அக்கா, "நீ எப்ப வர்ற?" என்று கேட்பார். இவர் திரையைப் பார்த்து, "வர்றேன்க்கா" என்பார். பதில் ஒருநாளும் மாறியதில்லை.

டாக்டர் கேபிளைச் சோதிக்கும் சாக்கில் டிஸ்க்கைத் திறந்தார். மறைந்திருப்பவற்றைக் காட்ட, எங்கோ இரண்டு இடத்தில் டிக் குறியை எடுத்தார். என் கணக்கில் இருந்தவை பதினாறு ஃபோல்டர்கள். திரையில் பதினெட்டு. கூடுதல் இரண்டும் மங்கலாக, ஆவி மாதிரி நின்றன: சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், ரீசைக்ளர். ஒன்றை அழிக்கப் பார்த்தார்; அனுமதி இல்லை என்றது. மற்றது அழிந்தது, சற்று நேரத்தில் திரும்ப வந்தது.

"பாத்தீங்களா சார்? வாட்டில் மரங்கணக்கா. வெட்டுன எடத்துலயே பத்தா மொளைக்கும். வேரோட வழிச்சாத்தான் அடங்கும்."

விண்டோஸ் தன் சொந்த உபயோகத்துக்காக டிஸ்க்கில் ஒதுக்கிக்கொள்ளும் அறைகள் அவை. ஒன்றில் தன் குறிப்புகளை வைக்கும், மற்றதில் நாம் அழித்தவற்றைப் போட்டுவைக்கும். யாரும் கைவைக்காதிருக்கத்தான் மறைத்தும் வைக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பின்னால் அரை நாள் போதுமாயிருந்தது; டாக்டருக்கு ஆறு வருடத் தொழில் போதவில்லை. ஆனால் அன்று எனக்குப் பதினாறு பதினெட்டாக நிற்பது பொறுக்கவில்லை. என் ஃபைல்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு டிஸ்க்கைத் துடைக்கச் சொன்னேன்.

"நாங்க என்ன சார், நேத்தா தொழிலுக்கு வந்தோம்? சாயந்திரம் வாங்க, வெரசா முடிச்சுத் தாறேன்."

சாயந்திரம் போனேன். என் ஃபோல்டர்களில் பதினொன்றுதான் இருந்தன. மீதி ஐந்து எங்கே என்றேன்.

"அதுவா? எம்பெகவ், செக்மென்ட்னு பேரே ஒரு தினுசா கெடந்துச்சு. மனுசன் வைக்கிற பேரா சார் அது? அதையும் சேத்து வழிச்சுப் போட்டுட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

வீடியோ சிடியை அப்படியே ஏற்றினால் அந்தப் பெயர்களில்தான் வரும். அவற்றில் ஒன்றில்தான் லயத்து வாசலும் அக்காவும் இருந்தார்கள். மதுரையில் யாரிடமாவது கொடுத்து மீட்கலாம் என்று பார்த்தால், மீதி இடம் முழுக்கச் சினிமாப் பாட்டு. "ஏனத்தக் கூட வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டோம்ல? அதான் நெரப்பிட்டேன்" என்று டாக்டர் சிரித்தார். பழையதற்கு மேல் எழுதியாகிவிட்டது, இனி வராது என்றார்கள் மதுரையில். அழிய வேண்டியவை என்று அவர் சொன்ன இரண்டோ, வீட்டில் செருகிப் பார்த்தபோது அதே மங்கலோடு நின்றன.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார். சொன்னேன். அணைந்த திரையைப் பார்த்தார்.

"டாக்டரு அம்புட்டுச் சுத்தமாத் தொடச்சுட்டாராக்கும்" என்றார். "எங்க லயத்தக்கூட ஒருத்தரும் இப்படித் தொடச்சதில்லீங்க ஐயா."

அடுத்த ஞாயிறும் வந்தார். பாட்டாவது போடவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அதே நாற்காலியில், அதே நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மூன்றாவது ஞாயிறும் அப்படியே. நாலாவது ஞாயிறு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவர்முன் வைத்தேன். "எனக்கா? கேரட்டு புடுங்குறவளுக்கு ஏரோப்ளேனா? ஐயாவுக்கும் வைரஸு வந்துருச்சு" என்றார்.

அக்டோபரில் திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போனார். மூன்று வாரம் கழித்து ஒரு பொட்டலம் தேயிலையோடு திரும்பினார்.

"படத்துல பாத்தத விட அவ குள்ளம் ஐயா. எப்ப வர்றன்னு இப்ப கேக்கல. எப்பப் போவன்னுதான் தெனம் கேட்டு அழுதா."

டாக்டர் இப்போது ஏரிச்சாலையில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார். அதிலாவது உள்ளே மறைந்திருப்பது முந்திரிதான்; வழித்தெடுக்கப் பார்க்கமாட்டார். அவர் காதில் வைத்துக் கேட்ட டிஸ்க் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எப்போதாவது செருகிப் பார்க்கிறேன். இரண்டு ஃபோல்டர்களும் இருக்கின்றன. பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று என்று எண்ணிவிட்டு மூடிவிடுகிறேன்.

கேபிள் அறுபது. டாக்டரின் வைத்தியம் முந்நூற்றைம்பது. பாஸ்போர்ட் ஆயிரம். விமானம் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது. மதுரை, திருச்சி பஸ்ஸும் கைச்செலவும் ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து. ஆக மொத்தம் என் செலவு, பத்தாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து ரூபாய்.