மேலே வந்த மீன்கள்

கூண்டுப் பண்ணையில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தராசு என்றால் அவர்தான். கரையிலிருந்து படகில் இருபது நிமிடம் போனால் ஆறு வட்டக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் பிரீம் என்ற கடல் மீன்கள். மாதம் ஒருமுறை ஐம்பது மீனைக் கைவலையில் அள்ளி, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவைத்து, நிறுத்து, அளந்து, நோகாமல் திரும்ப விடுவது அவர் வேலை. அவர் சொல்லும் சராசரிதான் பண்ணைக்கு வேதவாக்கு. தீவனம் எவ்வளவு, அறுவடை என்றைக்கு, எல்லாம் அதை வைத்துத்தான். பதினோரு வருடமாக அதை யாரும் ஏன், எப்படி என்று கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காய்கறிக் கடையில்கூடத் தராசு முள் நின்ற பிறகுதான் மனிதர் மூச்சே விடுவார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

நான்காம் கூண்டுக்குச் சராசரி நானூறு கிராம் என்று சொல்லியிருந்தார். அன்று அறுவடை. குடல் காலியாகட்டும் என்று மீன்களை இரண்டு நாள் பட்டினி போட்டாயிற்று. மீனை ஏற்றும் படகு கரையிலிருந்து கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த நேரத்தில் மிதவையோரம் தலை தூக்கினான் மச்சினன். மனைவியின் தம்பி, முங்கி வலையில் கிழிசல் பார்க்கிறவன்.

“அத்தான், அடியில கிடக்கிறது ஒரு சாண்கூட இல்ல. நீங்க எந்தக் கடல் மீனை நிறுத்தீங்க?”

கிண்டலாகத்தான் கேட்டான். தராசு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

ஒவ்வொரு மாதமும் மீனை மேலே வரவழைக்க ஒரு கை தீவனத்தை வீசுவார். முட்டி மோதிக்கொண்டு முதலில் வருவது பருத்தவை. இடிபட்டு ஒதுங்கியவை கீழேயே நின்றுவிடும். கைவலையில் ஏறியதெல்லாம் மேலே வந்தவைதான். தராசின் முள் பொய் சொல்லவில்லை. தராசில் ஏறாத மீன்களுக்கும் சேர்த்து அவர்தான் பேசியிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். எடை குறைந்தால் மேலாளர் முதலில் பார்ப்பது வலையைத்தான். போன வருடம் இரண்டாம் கூண்டில் எடை குறைந்தது. பெரிய மீன்கள் ஓட்டை வழியாகப் போய்விட்டன என்று முங்குகிறவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஓட்டையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது அந்த இடத்தில் மச்சினன். ஒன்றும் அறியாமல், முகமூடிக் கண்ணாடியில் எச்சில் தடவித் துடைத்துக்கொண்டிருந்தான்.

படகு கண்ணுக்குத் தெரிந்தது. மிதவை மேடையில் நின்ற மேலாளரிடம் தராசு போனார்.

“சார், படகை நிறுத்தச் சொல்லுங்க. என் எடை தப்பு.”

“பதினோரு வருஷமா சரி, இன்னைக்கு மட்டும் தப்பா?”

“பதினோரு வருஷமும் தப்பா இருந்திருக்கலாம் சார்.”

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படகுக்குப் போன் போட்டார். அது தள்ளியே நின்றது. தீவனம் வீசாமல், வலையின் அடியைத் தூக்கி, மீனையெல்லாம் ஒன்றாக நெருக்கி, நாலு பக்கமும் அள்ளினார்கள். நிறுத்தவர் அவர், எழுதியவர் மேலாளர். ஐம்பதாவது மீன் தண்ணீருக்குத் திரும்பியபோது சராசரி இருநூற்றுத் தொண்ணூறு.

அறுவடைக்குப் போதாத எடை. படகு வந்த வழியே திரும்பியது. மச்சினன் கிண்டலை மறந்து அவர் முகத்தையே பார்த்தான். இனி ஒவ்வொரு மாதமும் நிறுக்கும்போது தானும் கூட நிற்பதாக மேலாளர் சொன்னார். தராசு தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

“போன வருஷம் வீட்டுக்கு அனுப்பினீங்களே சார், அந்த முங்குறவரோட நம்பர் இருக்கா?”

மேலாளர் எழுதிய தாளை மடித்தார். பிறகு போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.